துப்பாக்கி கேமையெல்லாம் மொத்தமா தடை பண்ணிட்டா சரியாயிருமா? உங்க வூட்ல எப்படி சமாளிக்கறீங்க?

பனியன்_கம்பெனி_அம்மா
ஞாயிறு, ராத்திரி 10:52

வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க எல்லாரும் எழுதறத படிச்சுட்டு மட்டும் போயிருவேன், இன்னிக்குத்தான் மொத தடவை எழுதறேன், தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க.

நான் திருப்பூருல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன், என்ற வூட்டுக்காரர் நிட்டிங்ல, பாதி மாசம் நைட் ஷிப்ட். ஒரே பையன், 8ஆவது படிக்கறான். கொரோனா டைம்ல அவன் மூணாவதோ நாலாவதோ, ஆன்லைன் கிளாஸுன்னு சொல்லி கடன் வாங்கி போனு வாங்கிக் குடுத்தோம், அன்னிக்கு அவன் கையில ஏறின போனு இன்னும் இறங்கலீங்க. ஒரு துப்பாக்கி கேமு, பேரு வேணாம், எல்லா வூட்லயும் அதுதானே ஓடிட்டிருக்கு. பொழுதன்னைக்கும் டப்பு டப்புன்னு சத்தம், "டேய் பின்னாடி வர்றான் பாரு, அடிச்சுப் போடு அவன"ன்னு யாருகூடவோ கத்திட்டே இருப்பான்.

போன வாரம் என்ற தங்கச்சி வந்திருந்தா, அவ பொண்ணு, ஆறு வயசு, வெளையாட்டுக்கு இவன் போன புடுங்கிருச்சு. மேட்ச் நடுவுல. இவன் ஒரே தள்ளு. புள்ள போயி கதவு முனையில மோதி நெத்தியில மூணு தையல். அவன் அழுதுட்டே "தெரியாம தள்ளிட்டேம்மா"ங்கறான், ஆனா அவன் மொகத்தப் பாத்தப்ப எனக்கே ஒரு நிமிசம் பயமாயிருச்சுங்க. அதோட விடல, அடுத்த நாள் பேங்க் மெசேஜ நோண்டறப்பதான் பாக்கறேன், யூபிஐல ரெண்டாயிரத்து எண்ணூறு ரூவா அந்த கேமுக்குப் போயிருக்கு, துப்பாக்கிக்கு கலரு மாத்தவாம். துப்பாக்கிக்கு கலரு!! நான் ஒரு வாரம் ஓவர்டைம் பாத்தாத்தான் அந்தக் காசு.

என்ற அண்ணன் சொல்றாரு இந்த மாதிரி வெட்டு குத்து கேமையெல்லாம் அரசாங்கமே மொத்தமா தடை பண்ணணும், நாம சொல்லியெல்லாம் கேக்க மாட்டானுங்கன்னு. கம்பெனில பக்கத்து டேபிள் அக்கா என்னடான்னா டிவி சீரியல்லயும் சினிமாவுலயும் மட்டும் என்ன வாழுதாம், பையன வளக்கத் தெரியாம கேம குத்தம் சொல்றியாங்கறாங்க. ரெண்டு பேரு சொல்றதும் நெஜமாட்டத்தான் இருக்குது. நெஜமாலுமே தடை பண்ணினா மாறுமுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஹெட்ஷாட்_மாமா
ஞாயிறு, ராத்திரி 11:31

அக்கா, முதல்ல பாப்பா எப்படி இருக்கு? தையல் பிரிச்சாச்சா?

நான் சென்னை, வயசு 37, ஸ்கூல் படிக்கும்போது பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இருபது ரூபா குடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக்னு துப்பாக்கி கேம் ஆடுன கோஷ்டி. அதனால நான் கேம் பக்கம்தான் பேசுவேன், அத முன்னாடியே சொல்லிடறேன்.

தடை பண்ணா என்ன ஆகும்னு கேக்கறீங்களே, ஏற்கனவே பண்ணிப் பாத்தாச்சு அக்கா, நம்ம நாட்டுலயே. 2019 மார்ச்ல குஜராத்துல ராஜ்கோட் போலீஸ் பப்ஜிக்குத் தடை போட்டாங்க, போட்டுட்டு ரோட்டோரம் உக்காந்து ஆடிட்டிருந்த பசங்கள புடிச்சு கேஸ் போட்டாங்க, பெரும்பாலும் காலேஜ் பசங்க. ஆடறவன புடிக்கற அளவுக்குப் போச்சு. அப்புறம் 2020 செப்டம்பர் 2, மத்திய அரசு 118 ஆப்ப ஒரே நாள்ல தூக்குச்சு, அதுல பப்ஜி மொபைலும் ஒண்ணு. ஆனா கவனிங்க, காரணம் ரத்தமும் இல்ல கொலையும் இல்ல. ஐடி சட்டம் 69ஏ, நாட்டோட பாதுகாப்பு, டேட்டா வெளிய போகுது, சீனா பிரச்சனை. கல்வான்ல சண்டை நடந்து மூணு மாசம்கூட ஆகாத நேரம் அது. "வன்முறை கேம தடை பண்ணிட்டாங்க"ன்னு அன்னிக்கு சந்தோஷப்பட்ட அப்பா அம்மா எல்லாரும் வேற ஏதோ சண்டையில ஜெயிச்சவங்க.

அப்புறம் என்னாச்சு? அக்டோபர் 30 வரைக்கும் சர்வர் ஓடுச்சு, அதுக்கப்புறம் பசங்க விபிஎன் (வேற நாட்டுலேந்து வர்ற மாதிரி காட்டற ஆப்) போட்டு கொரியா வெர்ஷன் ஆடுனானுங்க, விபிஎன்னா என்னன்னே தெரியாத பசங்களுக்கெல்லாம் அரசாங்கமே கத்துக்குடுத்த மாதிரி ஆயிடுச்சு. 2021 ஜூலைல அதே கேம் பேர மாத்திட்டு பிஜிஎம்ஐன்னு வந்துச்சு. 2022 ஜூலைல அதையும் ஸ்டோர்லேந்து தூக்குனாங்க. 2023 மே மாசம் திரும்பி வந்துச்சு. நடுவுல 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயர தடை பண்ணாங்க, மேக்ஸ்னு இன்னொரு வெர்ஷன் இருந்துச்சு, அது பட்டியல்ல இல்ல, பசங்க அப்படியே அதுக்குத் தாவிட்டானுங்க. ஒரு வாசல சாத்திட்டு பக்கத்து வாசல தொறந்து வெச்ச கதை.

ஆனா பிஜிஎம்ஐக்குப் போட்ட கண்டிஷன் சிலது நல்லாத்தான் இருந்துச்சு, அத சொல்லணும். 18 வயசுக்குக் கீழன்னா ஒரு நாளைக்கு 3 மணி நேரம், பெரியவங்கன்னா 6 மணி நேரம். ரத்தம் பச்ச கலர். "கில்"னு இருந்தத "ஃபினிஷ்"னு மாத்துனாங்க. பச்ச ரத்தம் வந்தா பையன் சாந்தமாயிடுவானான்னு கேக்காதீங்க, எங்களுக்கெல்லாம் செம காமெடியா இருந்துச்சு, சுட்டா மாமரத்துக்கு அடிக்கற மருந்து தெறிக்கற மாதிரி இருக்கும். ஆனா அந்த 3 மணி நேரம் லிமிட் உருப்படியான விஷயம்தான், பிரச்சனை என்னன்னா பசங்க பிறந்த வருஷத்த 1990னு போட்டுட்டு உள்ள போயிடுவானுங்க, இல்லன்னா அப்பா போன் நம்பர்ல கணக்கு. உங்க பையன் கணக்குல என்ன வயசு போட்டிருக்கான்னு இன்னிக்கே பாருங்க. பந்தயம் கட்டறேன், உங்க வீட்டுக்காரர விட பெரியவனா இருப்பான்.

அந்த 2800 மேட்டர், யூபிஐ பின்ன உடனே மாத்துங்க. ஸ்டோர்ல வாங்கினதுன்னா ரீஃபண்டு கேட்டுப் பாருங்க, சின்னப் பையன் தெரியாம வாங்கிட்டான்னு, லேட் பண்ணாதீங்க.

---

டீ_மட்டும்_போதும்
ஞாயிறு, ராத்திரி 11:40

முதல்ல பெருசுங்க பாக்குற ரீல்ஸ தடை பண்ணுங்கப்பா, எங்கப்பா பஸ்ல ஃபுல் சவுண்டுல வெக்கறாரு, அதுவும் வன்முறைதான்

---

கணக்கு_டீச்சர்
திங்கள், காலை 6:15

ஹெட்ஷாட் தம்பி, ஜோரா எழுதியிருக்கீங்க, ஆனா "தடை பண்ணாங்க, பசங்க சுத்திப் போயிட்டாங்க, அதனால தடை வேஸ்ட்"னு சொல்றது சரியில்ல. ஹெல்மெட் போடாம கூடத்தான் பாதி பேர் போறாங்க, அதுக்காக அந்தச் சட்டத்த எடுத்துடலாமா?

நான் விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளில கணக்கு எடுக்கறேன், 22 வருஷ சர்வீஸ். 2019க்கு முன்னாடி இருந்த கிளாஸும் இப்ப இருக்கற கிளாஸும் வேற வேற. காலைல முதல் பீரியட் பின்வரிசை பசங்க தூங்கறாங்க, கேட்டா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் "மேட்ச்". ஒருத்தன் பென்சில் பாக்ஸ எடுத்தா இன்னொருத்தன் வாயில வர்ற வார்த்தை இருக்கே, அந்த வார்த்தையெல்லாம் எங்க ஊர் சாராயக் கடை வாசல்லதான் முன்னாடி கேட்டிருக்கேன். எங்கடா கத்துக்கிட்டேன்னா, ஹெட்போன்ல கேம் ஆடற அண்ணனுங்க பேசறதாம். 2021ல பப்ஜி ஆடிக்கிட்டே ஆபாசமா பேசி வீடியோ போட்ட ஒரு யூடியூபர தமிழ்நாட்டு போலீஸ் கைது பண்ணாங்களே ஞாபகம் இருக்கா, அந்த ஆளுக்கு லட்சக்கணக்குல ரசிகர்கள், பாதி பேர் என் கிளாஸ்ல உக்காந்திருக்கற வயசு பசங்க.

என் கேள்வி சிம்பிள். ஒரு சினிமா தியேட்டருக்கு வரணும்னா சென்சார் சர்ட்டிபிகேட் வேணும். இப்ப யுஏலயே 7, 13, 16னு மூணா பிரிச்சு வெச்சிருக்காங்க, ஏ சர்ட்டிபிகேட் படத்துக்குப் பையன கூட்டிட்டுப் போனா கேட்ல நிறுத்தலாம். ஒரு கேமுக்கு அந்த மாதிரி நம்ம நாட்டுல யார் பாக்கறா? யாருமே இல்ல. ஸ்டோர்ல சின்னதா 16னு ஒரு நம்பர் போட்டிருக்கும், அது அந்தக் கம்பெனியே ஒரு ஃபாரத்த ரொப்பி வாங்கினது, அத எந்த அம்மா பாத்தாங்க? எவனும் கேக்கறதுக்கு இல்லாத பொருள் குழந்தைங்க கையில இருக்கு, நாம உக்காந்து விபிஎன் கதை பேசிட்டிருக்கோம். ஒரேடியா தடை பண்ணுங்கன்னுதான் நான் சொல்வேன், குறைஞ்சது ஸ்கூல் முடிக்கற வரைக்கும்.

அம்மா, நீங்க பையன அடிச்சிருந்தா அத மறுபடி பண்ணாதீங்க. அவன் அழுதான்னு எழுதியிருக்கீங்க, அது நல்ல அறிகுறி.

---

சட்டம்_படிச்ச_சோம்பேறி
திங்கள், மதியம் 1:20

டீச்சர் மேல மரியாதை உண்டு, ஆனா "வன்முறை கேம்"னு சட்டத்துல எழுதறது சொல்ற அளவுக்கு சுலபம் இல்ல, இத எழுதி கோர்ட்ல தோத்தவங்க இருக்காங்க.

அமெரிக்கால இந்த சண்டை 1993லயே ஆரம்பிச்சாச்சு. மோர்ட்டல் காம்பாட்னு ஒரு கேம், அதுல தோத்தவன் முதுகெலும்ப உருவி எடுக்கறதெல்லாம் வரும், செனட்ல கூப்பிட்டு வெச்சு விசாரணை நடத்துனாங்க, அந்த பயத்துல கம்பெனிங்களே 1994ல இஎஸ்ஆர்பின்னு ரேட்டிங் போர்டு வெச்சுக்கிட்டாங்க. 1999ல கொலம்பைன் ஸ்கூல்ல துப்பாக்கிச்சூடு, சுட்ட ரெண்டு பசங்களும் டூம்னு ஒரு துப்பாக்கி கேம் ஆடுனவங்கன்னு தெரிஞ்சதும் மறுபடி கேம் மேல பாய்ஞ்சாங்க, துப்பாக்கி வித்த கடைய விட கேம் கடைதான் அதிகமா திட்டு வாங்குச்சு. 2005ல கலிஃபோர்னியா சட்டமே போட்டுடுச்சு: 18க்குக் கீழ இருக்கறவங்களுக்கு வன்முறை கேம் வித்தா ஆயிரம் டாலர் அபராதம். அந்த கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2011ல 7க்கு 2ன்னு சட்டத்த தூக்கி எறிஞ்சுட்டாங்க. தீர்ப்பு எழுதுன நீதிபதி ஸ்காலியா பாட்டி கதையையெல்லாம் இழுத்தாரு, சிண்ட்ரெல்லா கதைல கெட்ட அக்காக்காரிங்க கண்ண புறா கொத்துது, ஹான்சல் கிரெட்டல்ல பசங்க கிழவிய அடுப்புல தள்ளிக் கொல்றாங்க, அப்ப அதையும் தடை பண்ணுவீங்களான்னு. எதிர்த்து எழுதுன நீதிபதி பிரேயர் கேட்டதும் நியாயம்தான், அத மறைக்கக் கூடாது: 13 வயசு பையனுக்கு நிர்வாணப் படம் இருக்கற பத்திரிகைய விக்கக் கூடாதுங்கறீங்க, அதே பையன் ஒரு பொண்ண கட்டிப் போட்டு சித்திரவதை பண்ணிக் கொல்ற கேம விக்கலாமான்னு. ரெண்டுமே படிச்சா தலை சுத்தும்.

ஒரு கிசுகிசு. அந்த கலிஃபோர்னியா சட்டத்த கொண்டு வந்த அரசியல்வாதி லீலண்ட் யீ. அவரே 2014ல லஞ்சம், துப்பாக்கி கடத்தல் சதின்னு எஃப்பிஐ கிட்ட மாட்டி, 2016ல அஞ்சு வருஷம் ஜெயில் தண்டனை வாங்குனாரு. கேம்ல துப்பாக்கி கூடாது, அவ்ளோதான் அவர் கொள்கை.

ஆராய்ச்சி பக்கம் வந்தா, டீச்சர் சொல்றதுலயும் கொஞ்சம் இருக்கு. அமெரிக்க உளவியல் சங்கம் 2020ல சொன்னது என்னன்னா, இந்த கேம்களுக்கும் கத்தறது, தள்ளறது மாதிரி விஷயங்களுக்கும் சின்னதா ஒரு தொடர்பு இருக்கு, ஆனா கொலை, துப்பாக்கிச்சூடு மாதிரி பெரிய வன்முறைக்கு கேம்தான் காரணம்னு சொல்ல ஆதாரம் பத்தாது, அப்படி சொல்லாதீங்கன்னு. தள்ளறதுங்கற வார்த்தைய பாத்ததும் அக்கா எழுதுனதுதான் ஞாபகம் வந்துச்சு. அதே சமயம் 2019ல ஆக்ஸ்ஃபோர்டு ஆளுங்க பிரிட்டன்ல 14, 15 வயசு பசங்க ஆயிரம் பேர எடுத்து, பசங்க சொல்றத மட்டும் நம்பாம அவங்க அப்பா அம்மாகிட்டயும் கேட்டு பாத்தாங்க, ஒரு தொடர்பும் கிடைக்கல. ஜப்பான்லயும் தென் கொரியாலயும் ஆடாத கேமா? அங்க துப்பாக்கிக் கொலை விரல் விட்டு எண்ணற அளவுதான். வெனிசுலா 2010லேந்து வன்முறை கேம மொத்தமா தடை பண்ணி வெச்சிருந்துச்சு, விக்கறவனுக்கு ஜெயில், அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்லயும் உலகத்துலயே அதிகம் கொலை நடக்கற நாட்டுல அதுவும் ஒண்ணு.

நேரத்த கட்டுப்படுத்தறதும் பண்ணிப் பாத்திருக்காங்க. தென் கொரியால 2011லேந்து 16 வயசுக்குக் கீழ இருந்தா ராத்திரி 12லேந்து காலைல 6 வரைக்கும் ஆன்லைன் கேம் கிடையாதுன்னு சட்டம். பசங்க அம்மா அப்பா அடையாள நம்பர போட்டு ஆடுனாங்க, பத்து வருஷம் கழிச்சு அவங்களே எடுத்துட்டாங்க. சீனால 2021லேந்து 18க்குக் கீழன்னா வெள்ளி, சனி, ஞாயிறு, லீவு நாள்ல மட்டும் ராத்திரி 8லேந்து 9 வரைக்கும் ஒரு மணி நேரம். அதுக்கு அவங்க பண்ற கண்காணிப்பு நம்ம ஊர்ல வேணுமான்னு யோசிச்சுக்கோங்க.

நம்ம தமிழ்நாட்டுல ராத்திரி 12லேந்து 5 வரைக்கும் ஆன்லைன் விளையாட்டு கூடாதுன்னு விதி வந்துச்சுன்னு யாராவது சொல்வாங்க, அது காசு வெச்சு ஆடற ரம்மி மாதிரி விளையாட்டுக்கு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு போட்ட சட்டமும் காசு கட்டி ஆடற கேமத்தான் தடை பண்ணுச்சு, ஈஸ்போர்ட்ஸ (போட்டியா ஆடற வீடியோ கேம்) வளக்கணும்னே அதுல எழுதியிருக்கு. துப்பாக்கி கேம் எதுலயும் மாட்டல.

---

கணக்கு_டீச்சர்
திங்கள், மாலை 5:48

சிண்ட்ரெல்லா வரைக்கும் எதுக்குப் போகணும் தம்பி. எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழால படுகளம் பாத்திருக்கீங்களா? மண்ணுலயே நாப்பது அம்பது அடிக்கு துரியோதனன செஞ்சு படுக்க வெச்சிருப்பாங்க. பத்து நாளைக்கு மேல ராத்திரி பூரா கூத்து நடந்து, கடைசி நாள் பீமன் வேஷம் கட்டினவர் அந்தத் தொடையில கதையால அடிப்பாரு, செவப்பா ரத்தம் வரும், அத எடுத்து திரௌபதி கூந்தல்ல தடவி முடிவாங்க. நான் எட்டு வயசுல எங்க தாத்தா தோள்ல உக்காந்து பாத்தேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஆகல, சாமி கும்பிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். அதனால ரத்தத்தப் பாத்தாலே குழந்தை கெட்டுடும்னு நானும் சொல்ல மாட்டேன்.

ஆனா எது வித்தியாசம்னு மதியத்துலேந்து யோசிச்சிட்டிருக்கேன். படுகளம் வருஷத்துக்கு ஒரு நாள், சில ஊர்ல பல வருஷத்துக்கு ஒரு தடவை. ஊரே கூட நிக்கும். அடிச்ச பின்னாடி துரியோதனனோட அம்மா வேஷம் கட்டினவங்க மொறத்தால அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வெப்பாங்க பாருங்க, அதுவரைக்கும் கைதட்டிட்டிருந்த கூட்டம் அப்படியே கம்முனு ஆயிடும். செத்தவனுக்கு அழறதுக்கு ஒரு ஆள் அங்க உண்டு. இங்க ராத்திரி ஒரு மணிக்கு போர்வைக்குள்ள தனியா ஒரு பையன், ஒரு மேட்ச்ல தொண்ணூறு பேரு சாவறான், அடுத்த மேட்ச் தானா ஆரம்பிக்குது.

அப்ப என் கோபம் ரத்தத்து மேலயா, அந்த ஒரு மணி மேலயான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தடை வேணும்ங்கறதுல பாதி இறங்கி வர்றேன், வயசு பாக்கற ஆளு ஒருத்தர் வேணும்ங்கறதுல இறங்க மாட்டேன்.

---

ரைன்_ஆத்தங்கரை
செவ்வாய், அதிகாலை 2:05

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், ஜேர்மனிக்கு வந்து 25 வருசமாகுது, ரெண்டு பெடியள். டீச்சர் கேட்டதுக்கு இஞ்ச நடக்கிறத சொல்லலாம் எண்டு எழுதுறன்.

இஞ்ச யூஎஸ்கே எண்டு ஒண்டு இருக்குது, 1994ல தொடங்கினது. கேம் பெட்டியில 0, 6, 12, 16, 18 எண்டு கலர் கலரா பெரிய சதுரம் போட்டிருக்கும். 2002ல ஏர்ஃபூர்ட் எண்ட ஊரில ஒரு பழைய மாணவன் பள்ளிக்கூடத்துக்குள்ள பூந்து 16 பேர சுட்டவன், நாங்கள் அப்ப வந்த புதுசு, ரீவில அதுதான் ஓடினது. அவன் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடினவன் எண்டு ஒரே கதை. அதுக்குப் பிறகு 2003ல இருந்து அந்த நம்பர் சட்டம் ஆச்சுது. 18 போட்ட கேம கடையில வேண்டப் போனா அடையாள அட்டை கேப்பினம். என்ர மூத்தவன் 15 வயசில என்னைக் கூட்டிக்கொண்டு போய் "அப்பா நீங்கள் வேண்டித் தாங்கோ" எண்டு கெஞ்சினவன், காசாளர் பிள்ளை என்னைப் பாத்து "இது உங்களுக்கோ, இவருக்கோ" எண்டு கேட்டா பாருங்கோ, எனக்கு வெக்கமாப் போச்சு, வைச்சிட்டு வந்திட்டன். அந்த ஒரு கேள்விதான் வேலை செய்தது. சட்டப் புத்தகம் இல்லை.

சிரிப்பான விசயமும் இருக்கு. முந்தி இஞ்ச ரத்தத்துக்குப் பயந்து கம்பெனிகாரரே கேம மாத்தி வித்தவங்கள். ஹாஃப் லைஃப் எண்ட கேமில ஆமிக்காரர் எல்லாம் ஜேர்மன் பதிப்பில ரோபோ. டீம் ஃபோர்ட்ரஸ் 2ல குண்டு பட்டு ஆள் சிதறேக்க கை கால் வராது, ஸ்பிரிங்கும் பேர்கரும் றப்பர் தாராவும் பறக்கும். பெடியள் ஒஸ்ற்றியாக்காரரிட்ட இருந்து உண்மையான பதிப்ப எடுப்பிச்சு விளையாடினவங்கள், அது பக்கத்து நாடு, கதைக்கிறதும் அதே பாசை. டூம் எண்ட கேம் 1994ல இருந்து 2011 வரைக்கும் "இண்டெக்ஸ்" பட்டியலில கிடந்தது. அது முழுத் தடை இல்லை, விளம்பரம் போடேலாது, கடையில காட்சிக்கு வைக்கேலாது, பெரியாக்கள் கேட்டா உள்ளுக்க இருந்து எடுத்துக் குடுக்கலாம். 17 வருசத்துக்குப் பிறகு எடுத்துப் பாத்தா படம் எல்லாம் சதுரம் சதுரமா, இதுக்கோ இவ்வளவு பயந்தம் எண்டு போச்சு.

இன்னொண்டு சொல்லோணும். நான் உண்மையான துவக்குச் சத்தத்துக்குள்ள வளந்தனான். பங்கருக்குள்ள இருந்து படிச்சனான். என்ர சின்னவன் முதல் முதலா அந்த விளையாட்ட சத்தமாப் போட்டு விளையாடேக்க, குசினிக்குள்ள நிண்ட எனக்கு கை நடுங்கிக் கோப்பை விழுந்து உடைஞ்சது. அவனுக்கு விளங்கேல்லை. பக்கத்தில இருத்தி, அந்தச் சத்தம் வந்தா நாங்கள் என்ன செய்வம், ஆர் ஆர் திரும்பி வரேல்லை எண்டு சொன்னன். அவன் விளையாடுறத விடேல்லை, பொய் சொல்லேலாது. ஹெட்போன் போட்டுக்கொண்டு விளையாடுறான். அப்பா வீட்டில நிண்டா அந்த விளையாட்டில்லாம பந்தடிக்கிற விளையாட்டு போடுவான், நான் சொல்லாமலே.

தங்கச்சி, உங்கட பெடியன் கெட்டவன் இல்லை. மற்றப் பிள்ளையின்ர காயத்துக்கு மருந்து கட்டுற இடத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

---

ஹெட்ஷாட்_மாமா
செவ்வாய், காலை 9:10

ரைன் அண்ணே, கோப்பை உடைஞ்சத படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண வரல.

டீச்சர், உங்க அந்த ஒரு மணி பாயின்ட நான் ஒத்துக்கறேன். நாங்க பிரவுசிங் சென்டர்ல ஆடும்போது பக்கத்து சீட்ல எதிரி உக்காந்திருப்பான், சுட்டா திரும்பி பாத்து சிரிப்பான், பத்து பேர் இருப்போம், எட்டு மணியானா கடைக்கார அண்ணன் மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுவாரு. இப்ப இருக்கறது அந்த ஆட்டம் இல்ல. இப்ப கேம்ல துப்பாக்கிய விட பெரிய பொறி தினமும் உள்ள வந்தா ஒரு பரிசு, வரலன்னா வரிசை அறுந்துடும், லக்கி ஸ்பின், சீசன் முடிய ரெண்டே நாள், அந்த மாதிரி ஐட்டம்தான். அக்காவோட 2800 அதுலதான் போச்சு. ரத்தத்த பச்சயா மாத்துனவங்க இத ஒண்ணும் தொடல.

அக்கா, வேல நடக்கணும்னா இத பண்ணுங்க. அவன் போன்ல கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டு உங்க போன்ல கட்டுப்பாடு வெச்சுக்கோங்க, ராத்திரி ஒம்பதரைக்கு தானா பூட்டிக்கும், எந்த ஆப்புக்கு எவ்ளோ நேரம்னும் வெக்கலாம். முக்கியமா ஒண்ணு, மேட்ச் நடுவுல புடுங்காதீங்க. ஒரு மேட்ச் இருபத்தஞ்சு முப்பது நிமிஷம் ஓடும், நடுவுல விட்டா கூட ஆடற மூணு பேரும் திட்டுவானுங்க, அவன் ரேங்க்கும் இறங்கும். "இந்த மேட்ச் முடிஞ்சதும் வை"ன்னு சொன்னா பாதி சண்ட குறையும். பாப்பா புடுங்குனப்ப அவன் தள்ளுனதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கறேன், அவன் பண்ணது சரின்னு சொல்லல.

தூக்கம், சாப்பாடு, ஸ்கூல் எல்லாம் விட்டுட்டு மாசக்கணக்கா அதே கதின்னு இருந்தா அது வேற. அதுக்கு உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியல்ல பேர் குடுத்திருக்கு, சாதாரணமா ஒரு வருஷம் அப்படி இருந்தாத்தான் அந்தப் பேர வெப்பாங்க. 14416க்கு போன் போட்டா தமிழ்லயே மனநல ஆலோசனை இலவசமா குடுப்பாங்க. உங்க பையன் அந்த அளவுக்கு இல்லன்னுதான் தோணுது.

---

பனியன்_கம்பெனி_அம்மா
சனி, ராத்திரி 9:55

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வாரம் பூரா ஷிப்மெண்டு வேலை, இன்னிக்குத்தான் உக்காந்து முழுசா படிச்சேன். ஜேர்மனி அண்ணன் எழுதுனத என்ற வூட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், அவரு ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

பாப்பாவுக்கு தையல் பிரிச்சாச்சுங்க. பையனையும் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு நூல இழுக்கறப்ப புள்ள கத்துச்சு, இவன் என்ற சேலைய புடிச்சுட்டே நின்னான். வெளிய வந்து அவ கேட்ட ஐஸ்கிரீம அவன் காசுலயே வாங்கிக் குடுத்தான், அது எந்தக் காசுன்னு நான் கேக்கல.

ஹெட்ஷாட் தம்பி சொன்னாப்ல அவன் கணக்குல வயசு பாத்தேன். 1984. என்ற வூட்டுக்காரரே 1985ங்க.

யூபிஐ பின் மாத்தியாச்சு. ரீஃபண்டு கேட்டிருக்கு, இன்னும் பதிலில்ல. இவரு புதன்கிழமை அவன் பக்கத்துல உக்காந்து அந்த கேம பாக்கறேன்னு உக்காந்தாரு, டீச்சரு சொன்னாங்களே கூட ஆளு வேணும்னு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்த மனுசன், அஞ்சு நிமிசத்துல சாஞ்சு தூங்கிட்டாரு. பையன் சத்தத்தக் கொறச்சு வெச்சுட்டு ஆடிட்டிருந்தான்.

ஒரே ஒரு சந்தேகமுங்க. அந்த ஃபேமிலி லிங்க் போட்டு ஒம்பதரைக்கு பூட்டறாப்ல வெச்சேன், நேத்து ராத்திரி இவனுக்கு டியூசன் மிஸ் வாட்ஸப்புல அனுப்பின கணக்கையும் சேத்து பூட்டிருச்சு. அத மட்டும் எப்படித் தொறக்கறது?

---

ஹெட்ஷாட்_மாமா
சனி, ராத்திரி 10:03

உங்க போன்ல ஃபேமிலி லிங்க தொறந்து அவன் பேர தட்டுங்க, ஆப் லிமிட்னு இருக்கும், அதுல வாட்ஸப்ப எடுத்து "எப்பவும் அனுமதி"ன்னு வெச்சுடுங்க. ஆனா அக்கா, டியூசன் மிஸ் ஒம்பதரைக்கு மேல கணக்கு அனுப்பறாங்களா?? முதல்ல அவங்ககிட்ட பேசுங்க.

---

கணக்கு_டீச்சர்
சனி, ராத்திரி 10:20

இது எங்க சங்கத்துக்கு எதிரான பதிவு. ஆனா தம்பி சொல்றது சரிதான்மா, கணக்க காலைல போட்டுக்கலாம், பூட்டியே இருக்கட்டும்.

---

டீ_மட்டும்_போதும்
சனி, ராத்திரி 10:22

1984 😂 தலைவா நீங்க ரிட்டயர்மெண்டுக்கு பிளான் பண்ணுங்க